இடப்பக்கம் உட்கார்ந்தவளின் கால்

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

நீ போய் இருபத்தொரு நாளாகிறது. போனை எடுப்பதில்லை. "போன்ல அவ குறுக்க குறுக்க பேசுவா. எழுதச் சொல்லு, அப்பவாவது நான் சொல்றது முடியற வரைக்கும் வாய மூடிட்டு இருப்பா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். சரி, எழுதுகிறேன். நீயும் முடிகிற வரைக்கும் படி.

முதலில் அந்தச் சுவரொட்டி. அதை நீ பார்த்த அன்றுதான் நானும் பார்த்தேன். என் பெயரை யானை அளவுக்குப் போட்டு, கீழே "உடன் வாசிப்பவர்: சகோதரி" என்று அச்சகத்தின் விலாசத்தைவிடச் சின்ன எழுத்தில் போட்டவர் கச்சேரி ஏற்பாட்டாளர். கேட்டேன். "ரெண்டு பேரையும் பெருசா போட்டா எதையுமே படிக்க முடியாதும்மா. தாள்ல இடம் இல்ல" என்றார். நான் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. அது என் தப்பு. மற்றதெல்லாம் அவர் தப்பு.

இந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி எனக்குத் தனிக் கச்சேரி. சின்ன அரங்கம்தான். நன்றாகப் போனால் அக்டோபரில் பெரிய அரங்கம் தருவதாகச் சொல்கிறார். ஏழு வயதிலிருந்து நீ பக்கத்தில் இல்லாமல் நான் பியானோ முன்னால் உட்கார்ந்ததே இல்லை. வீட்டில் இருந்தது ஒரே பியானோ, நாம் அதற்கு அடித்துக்கொண்டோம், டைப்ரைட்டிங் டீச்சரான அம்மா இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து வழக்கை முடித்தாள். அப்படித்தானே நாம் நாலு கைக் கலைஞர்கள் ஆனோம். இப்போது பெஞ்சின் நடுவில் உட்கார வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பத்து நிமிஷத்தில் தானாக வலப்பக்கம் நகர்ந்துவிடுகிறேன். காலியாகிற இடப்பக்கத்தில் அம்மா துவைத்த துணியைக் கொண்டுவந்து குவிக்கிறாள். "சும்மாதானே கெடக்கு" என்கிறாள். வேகமான பகுதிக்கு வந்தால் மேலே இருக்கும் துண்டு நழுவித் தரையில் விழுகிறது. நீ எழுந்து போனது போலவே இருக்கிறது.

நாலு கைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாய். இருவர் வாசிக்கிற புத்தகத்தை ஒருத்தியாக வைத்துக்கொண்டு என்ன செய்கிறாய்? அதில் பாதி என்னுடையது.

கடைசியாக ஒன்று. அன்று மேடையை விட்டு இறங்கியதும் "கடைசி ரெண்டு பக்கம் எதுக்குடி அப்படி இழுத்த?" என்று கேட்டாய். பதில் வருவதற்குள் குடையை எடுத்துக்கொண்டு போனாய், மறுநாள் ஊரிலேயே இல்லை. இழுத்ததற்குக் காரணம் இருந்தது. கேட்டால் சொல்வேன்.

உன் அவசரம்

*

மார்ச் 12

அவசரம்,

உனக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான் என்றாலும், கடிதத்திலும் அதைக் காப்பாற்றுவாய் என்று எதிர்பார்க்கவில்லை. தபால்தலை ஒட்ட மறந்திருந்தாய். தபால்காரர் அபராதம் வாங்க என்னைத் தேடி வகுப்பறைக்கே வந்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் இந்தப் பள்ளியில் பியானோ இருக்கிறது என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். இருக்கிறது. கூடத்தின் மூலையில், பூட்டி, பச்சை விரிப்பு போர்த்தி, மேலே பதினேழு கோப்பைகளோடு. கோப்பைகளில் ஒன்றுகூட இசைக்குக் கிடைத்ததில்லை. கயிறு இழுத்ததற்கு ஆறு. சாவி தலைமையாசிரியையிடம் இருக்கிறது. "பசங்க தொட்டா கெட்டுடும் மிஸ்" என்றார். "தொடலன்னாலும் கெட்டுடும் மேடம்" என்றேன். "அது மெதுவாத்தானே கெடும்" என்றார். நியாயமான பதில்.

ஆகவே நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு மேஜைகளின் மேல் சாக்கட்டியால் கட்டைகள் வரைந்து கொடுத்திருக்கிறேன். சத்தம் வராத பியானோவில் யாரும் தப்பாக வாசிப்பதில்லை. தரையில் பெடலையும் வரைந்தேன். "மிதிச்சா, விரலை எடுத்த பிறகும் ஒலி நிக்கும். காலை எடுத்தா அறுந்துடும்" என்று விளக்கினேன். "மிஸ், எந்த ஒலி?" என்று கேட்டார்கள்.

புத்தகத்தைப் பற்றி. பாதியாகப் பிரித்து உன் பங்கை அனுப்பிவிடலாம் என்று பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடப்பக்கமெல்லாம் எனக்கு, வலப்பக்கமெல்லாம் உனக்கு. இரண்டு தாள் வெட்டிய பிறகுதான் தெரிந்தது, என் பக்கத்தின் முதுகில் அச்சாகியிருப்பது உன் பக்கம். எந்தத் தாளை எடுத்தாலும் இருவருக்கும் நஷ்டம். பதினேழு வருஷம் அந்தப் புத்தகத்தைப் புரட்டியவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். வெட்டிய தாள்களை ஒட்டி வைத்திருக்கிறேன்.

இழுத்ததற்கான காரணத்தை நான் கேட்கவில்லை. வாழ்க்கையில் யாருக்காகவும் காத்திருந்திராத நீ அன்றைக்குப் பார்த்து நத்தை மாதிரி போனாய். போதும்.

தனியாக வாசி. நடுவில் உட்கார்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

கச்சேரி முடிந்தது. என்ன நடந்தது என்பதை நடந்த வரிசையிலேயே சொல்கிறேன், சிரிக்காதே.

நடுவில் உட்கார்ந்தேன். பிடிவாதமாக நடுவிலேயே இருந்தேன். முழுக் கவனமும் அதிலேயே இருந்தது. முதல் உருப்படி முடிந்தது. கைதட்டினார்கள், ஆனால் ஏதோ யோசித்துக்கொண்டு தட்டுவது போல இருந்தது. மெதுவான இரண்டாவது உருப்படியில் ஒவ்வொரு ஒலியும் விரலை எடுத்த உடனே செத்து விழுந்தது. அரங்கத்தின் சுவர் சரியில்லை என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் வேகமாகப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வணக்கம் சொல்ல எழுந்தபோதுதான் பார்த்தேன், என் வலது கால் பெஞ்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ஒன்றரை மணி நேரம் அது அங்கேயே இருந்திருக்கிறது.

நான் பெடலைத் தொடவே இல்லை, அக்கா. இடப்பக்கத்தில் இருப்பவள் பார்த்துக்கொள்வாள் என்று கால் சும்மா இருந்துவிட்டது.

எல்லோரும் போன பிறகு அரங்கத்தில் சுருதி சேர்க்கும் ட்யூனர் குனிந்து பியானோவின் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். "காலையில தொடச்சு வெச்ச பித்தளைம்மா. தடமே விழல" என்றார். "மறந்துட்டேன்" என்றேன். "பரவால்ல, எனக்கு ஒரு வேலை மிச்சம்" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

நான் இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா பத்திரிகையோடு வந்தாள். வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். "ஒலியின் மேல் தலைமுறை தலைமுறையாகப் போர்த்தியிருந்த ஈரத்துணியை இந்த இளம் கலைஞர் உருவி எறிந்துவிட்டார். பெடல் என்ற ஊன்றுகோலை அவர் ஒருமுறைகூடத் தொடவில்லை. இசையின் எலும்பு தெரிகிறது." அரைப் பக்கம். அம்மா படித்துவிட்டு, "எலும்பு தெரியுதுன்னு எழுதியிருக்கான். நான் பொண்ண பட்டினி போட்டேன்னு நெனச்சுக்கப் போறாங்க" என்றாள்.

ஏற்பாட்டாளர் வந்திருந்தார். அக்டோபர் எட்டாம் தேதி, பெரிய அரங்கம். சுவரொட்டி மாதிரியும் கொண்டுவந்தார். வெறுங்கால் ஒன்று, பக்கத்தில் என் பெயர். "இது உங்க பாணின்னு என்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

நான் என்ன செய்யட்டும்? உடனே எழுது.

அவசரம்

*

ஏப்ரல் 10

அவசரம்,

உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் படித்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன். "வீட்ல நல்ல செய்தியா?" என்றார் கணக்கு டீச்சர். "என் தங்கச்சிக்குக் கால் மறந்துபோச்சு" என்றேன். "அச்சச்சோ, இந்த வயசுலயேவா?" என்றார்.

அப்புறம் அந்தப் பத்திரிகைத் துண்டைப் படித்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

பதினாறு வருஷம் மேடையில் என் கால் இருந்தது. அதைப் பற்றி எவனும் ஒரு வரி எழுதியதில்லை. அது இல்லாமல் போன முதல் நாளே அரைப் பக்கம். நான் வராததுதான் உன் பாணி என்றால், நான் இருந்த காலம் எல்லாம் உனக்கு ஈரத்துணி போர்த்திக்கொண்டிருந்தேன் என்றுதானே அர்த்தம்?

என்ன செய்யட்டும் என்கிறாய். மறந்துவிட்டேன் என்று சொல். இரண்டே சொல் போதும்: "நான் மறந்துவிட்டேன், மன்னிக்கவும்." மூன்று ஆகிவிட்டது. எப்படியும் சுவரொட்டியில் இடம் இருக்காது.

அக்கா

*

ஜூன் 18

அன்புள்ள அக்கா,

சொல்லவில்லை. சொல்லப் போய்த்தான் இன்னொன்றில் மாட்டிக்கொண்டேன்.

இசைக் கல்லூரி இயக்குநரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் நியமனக் கடிதத்தை நீட்டினார். "பெடலற்ற வாசிப்பு: ஓர் அறிமுகம்." வாரம் இரண்டு வகுப்பு, பன்னிரண்டு மாணவர்கள். நான் இப்போது ஆசிரியை. எனக்குத் தெரியாத ஒன்றைச் செய்யாமலிருக்கச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அவர்கள் என்னைவிடத் தீவிரமாக இருக்கிறார்கள். இருபது வயதுக்காரன் ஒருவன் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி வலது காலைப் பெஞ்சோடு கட்டிக்கொண்டு வாசிக்கிறான். மனத்துக்குள் அவனுக்கு பெல்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். "மேடம், கட்டாம விட்டா ஆசை வருது" என்கிறான். எனக்கு அந்த ஆசை வந்திருந்தால் இந்த வம்பே இல்லை.

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பெடலோடு பழகுகிறேன். வரவில்லை. கை விழும்போதே காலும் விழுந்துவிடுகிறது, போன ஒலியும் வந்த ஒலியும் சேர்ந்து குழம்பாகிவிடுகிறது. எங்கே எடுப்பது, எங்கே வைப்பது? நீ எப்படிச் செய்தாய் என்று யோசித்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சரியாகச் செய்தாய், அதனால் எனக்குக் கேட்கவே இல்லை. அம்மா எட்டிப் பார்த்து, "பெடல் இல்லாம அடிக்கறதே தேவலடி. டைப் அடிக்கற மாதிரி சுத்தமா இருந்துச்சு" என்றாள். விமர்சகர் சொன்னதையேதான் அவளும் சொல்கிறாள், அரைப் பக்கம் எடுத்துக்கொள்ளாமல்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. சின்ன வயதில் என் கால் எட்டவில்லை. சரி. பன்னிரண்டு வயதில் எட்டியது. அப்போதும் ஏன் நீ விடவில்லை? நான் தனியாகச் சாதகம் செய்யும்போதுகூட இடப்பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டு, கதைப் புத்தகம் படித்தபடியே மிதித்துக்கொண்டிருப்பாயே. "பெடல் என்னோடது, நீ கையோட நில்லு" என்றாயே. இன்றைக்கு நான் கையோடு நிற்கிறேன்.

அக்டோபருக்கு இன்னும் பதினாறு வாரம். கால் கற்றுக்கொண்டால் அன்று பெடலோடு வாசித்து எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்று பார்க்கிறேன். கற்றுக்கொள்ளாவிட்டால் இந்தப் பொய்யை ஆயுளுக்கும் வாசிக்க வேண்டும். நீ ஒரு வாரம் வந்து போகக் கூடாதா?

அவசரம்

*

ஜூலை 1

அவசரம்,

வர முடியாது. ஆனால் பியானோ திறந்துவிட்டது.

பிள்ளைகளுக்காகக் கேட்டால் சாவி வராது என்று தெரிந்ததும் கோப்பைகளுக்காகக் கேட்டேன். "இவ்வளவு பெருமைய இப்படித் தூசியில வெச்சிருக்கோமே மேடம்" என்றேன். தலைமையாசிரியை கலங்கிப்போய்க் கண்ணாடி அலமாரி செய்யச் சொன்னார். கோப்பைகள் குடிபோனதும் பியானோவுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது. ஒரு நாள் அவரே சாவியைக் கொண்டுவந்து, "சும்மாதான் கெடக்கு, வேணும்னா பாடத்துக்கு வெச்சுக்கோங்க" என்றார். அம்மாவின் தங்கையோ என்று சந்தேகமாக இருந்தது.

நாற்பத்திரண்டு பேருக்கு ஒரு பியானோ. அதனால் ஒரு தடவைக்கு மூன்று பேர். இரண்டு பேர் கட்டையில், மூன்றாவது ஆள் அடியில் தரையில் உட்கார்ந்து மரத்தில் காதை வைத்துக் கையால் பெடலை அமுக்க வேண்டும். மேலே என்ன நடக்கிறது என்று அந்த ஆளுக்குத் தெரியாது, கேட்க மட்டும்தான் முடியும். இப்போது எல்லோருக்கும் அந்த இடம்தான் வேண்டுமாம். அடியில் இருப்பவரைக் கூட்டம் பார்க்காது, கைதட்டாது என்று சொல்லிப் பார்த்தேன். "பரவால்ல மிஸ், அங்கதான் எல்லாம் கேக்குது" என்கிறார்கள்.

நீ கேட்டதற்குப் பதில். ஏன் விடவில்லை? விட்டால் உனக்கு நான் எதற்கு? பதினாலு வயதிலேயே எனக்கு இது தெரிந்திருந்தது. உன் கை என் கையைவிட நல்ல கை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் போனது சுவரொட்டிக்காக இல்லை. கடைசிக் கச்சேரி அன்று இந்த வேலைக்கான உத்தரவு என் பையில் இருந்தது. கடைசி இரண்டு பக்கம் நான் பெடலைத் தொடவே இல்லை. வேண்டுமென்றே காலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஒலி அறுந்ததும் நீ திரும்பி என்னைப் பார்த்தால் உத்தரவைக் கிழித்துப் போட்டுவிடுவது என்று இருந்தேன். நீ திரும்பவில்லை. உனக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதற்கு மேல் அங்கே எனக்கு என்ன வேலை?

அக்கா

*

ஜூலை 5

அக்கா, அக்கா,

எனக்குத் தெரிந்தது. முதல் ஒலி அறுந்தபோதே தெரிந்தது. உனக்குக் கால் பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். கூட்டத்துக்குக் குறை தெரியக் கூடாது என்று ஒவ்வொரு கட்டையிலும் விரலைக் கூடுதலாக ஊன்றி, அடுத்த விரல் விழுகிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டு போனேன். உன் கால் செய்கிறதை விரலால் செய்யப் பார்த்தேன். அதற்கு நேரம் வேண்டும். அதைத்தான் நீ இழுவை என்றாய். நத்தை என்றாய்.

ஏன் திரும்பிப் பார்க்கவில்லை என்றா கேட்கிறாய்? எனக்கு எட்டு வயது, முதல் மேடை. உனக்கு ஒரு இடம் தவறியது, நான் திரும்பி உன்னைப் பார்த்தேன். அன்று மேடைக்குப் பின்னால் தொடையில் கிள்ளி வைத்துவிட்டு, "என்ன ஆனாலும் திரும்பிப் பாக்காத. பாத்தா தப்பு நம்மளோடதுன்னு தெரிஞ்சுடும்" என்றவள் யார்? நீலம் ஒரு வாரம் இருந்தது. அதிலிருந்து இன்று வரைக்கும் நான் மேடையில் திரும்பியதில்லை.

மேலே எழுத வரவில்லை. இதை இப்போதே தபாலில் போடுகிறேன்.

(தபால்தலை ஒட்டிவிட்டேன்.)

*

செப்டம்பர் 9

அக்கா,

உன்னிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு வரி இல்லை. இது பதிலைக் கேட்டு எழுதுகிற கடிதம் இல்லை. நடந்ததைத் தெரியப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

வகுப்பில் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு நான் பெடலை வேணும்னு விடல. மறந்துட்டேன். பதினேழு வருஷமா எங்க அக்காதான் மிதிச்சா, எனக்கு மிதிக்கவே தெரியாது" என்றேன். பன்னிரண்டு பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிறகு பெல்ட் எழுந்து, "மேடம் நம்ம உறுதிய சோதிக்கறாங்க" என்றான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் பெடலில் காலை வைத்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டினேன். எப்படி இருந்திருக்கும் என்று உனக்கே தெரியும். அதன் பிறகுதான் நம்பினார்கள். ஒருத்தி அழுதாள்.

ஏற்பாட்டாளரிடமும் போனேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றார். "பன்னெண்டு பேர்கிட்ட சொல்லிட்டேன்" என்றேன். "அப்போ எழுதி ஒரு விளக்கம் குடுப்போம், மறதியும் ஒரு தத்துவம்தானே" என்றார். மாட்டேன் என்றேன். அக்டோபர் எட்டு பெரிய அரங்கம் இப்போது பெல்ட்டுக்கு. சுவரொட்டி வந்துவிட்டது. அதே வெறுங்கால், பெயர் மட்டும் மாற்றம். காலைக் கட்டி வாசிப்பான், என்னைவிடச் சுத்தமாகவே வாசிப்பான். கல்லூரி என்னைப் போகச் சொல்லவில்லை, பாடத்தின் பெயரை மாற்றச் சொன்னது. "பெடல்: ஓர் அறிமுகம்" என்று மாற்றியிருக்கிறேன். ஐந்து பேர் மிஞ்சியிருக்கிறார்கள். நானும் கற்றுக்கொள்கிறேன், ஆக ஆறு.

அரங்கம் போனதில் வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய். வருத்தம்தான். சுவரொட்டி ஒட்டியிருக்கிற தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன், கால் வலிக்கிறது. ஆனால் பெஞ்சின் இடப்பக்கத்தில் இப்போது துணி இல்லை. நான் இடப்பக்கம் உட்கார்ந்து பழகுகிறேன். வலப்பக்கத்தில் குவிக்கிறாள் அம்மா.

அவசரம்

*

செப்டம்பர் 15

அவசரம்,

ஜூலையில் வந்த உன் கடிதத்தைப் படித்த பிறகு எழுத உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் "தொடையில் கிள்ளியது" என்ற இடத்தோடு பேனா நின்றுவிட்டது. இந்தக் கை இன்னும் இருக்கிறது. வந்தால் நீ திருப்பிக் கிள்ளிக்கொள்ளலாம்.

அக்டோபர் எட்டாம் தேதி இங்கே பள்ளி விழா. நான்கு மணிக்குக் கூடத்தில் பியானோ. நடுப்பகலில் ஒரு ரயில் வருகிறது. ஒட்டிய இரண்டு தாளும் நன்றாகவே திரும்புகின்றன.

நீ இடப்பக்கம்.

அக்கா

*

அக்டோபர் 17

அவசரம்,

நீ விட்டுப் போன குடையைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அது என் குடை, பிப்ரவரியில் நான் எடுத்துக்கொண்டு வந்தது உன் குடை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

பத்திரிகையில் நம்மைப் பற்றி எதுவும் வரவில்லை. பள்ளிச் சுவர்ப்பலகையில் வந்திருக்கிறது: "இசை ஆசிரியையும் அவர் தங்கையும் பியானோ வாசித்தனர். கோப்பைகளும் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தன." இரண்டு பேருக்கும் ஒரே அளவு எழுத்து. கோப்பைகளுக்கும் அதே அளவு.

உன் பெல்ட்டின் கச்சேரியைப் பற்றி அரைப் பக்கம் வந்திருப்பதாக அம்மா சொன்னாள். அவன் வாசிப்பில் எலும்பையும் தாண்டி ஏதோ தெரிந்ததாம்.

விழாவுக்கு மறுநாள் வகுப்பில் பிள்ளைகளிடம் நம் கச்சேரி எப்படி என்று கேட்டேன். அடியில் உட்கார்ந்து பழகிய காதுகள், சும்மா விடுமா? "இடப்பக்கம் உக்காந்த அக்காவோட கால் எப்பவும் கொஞ்சம் லேட்டு மிஸ். கை விழுந்த அப்புறம்தான் வருது" என்றார்கள். "அப்படித்தான் வரணும்" என்றேன். "அது தெரிய அவளுக்கு இவ்வளவு நாள் ஆச்சு" என்று சொல்ல வந்ததைச் சொல்லாமல் விட்டேன். எட்டாம் பக்கத்தில் இரண்டு இடம் குழம்பாயிற்று, அதையும் அவர்கள் சொன்னார்கள். நான் அந்த இடத்தில் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். கூடமே பார்த்தது. ஒன்றும் ஆகிவிடவில்லை.

தலைமையாசிரியை ஏப்ரல் விழாவுக்கும் நம்மைக் கேட்கிறார். சரி என்று சொல்லிவிட்டேன், உன்னைக் கேட்கவில்லை.

இதோடு புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். முழுசாக. இடப்பக்கங்களைப் படி, உனக்கு அவை புதுசு. வலப்பக்கங்கள் எனக்கு வேண்டாம், மனப்பாடம். இத்தனை வருஷம் கதைப் புத்தகம் படித்துக்கொண்டா இருந்தேன் என்று நினைத்தாய்?

அக்கா